தீவகத்துப் பிள்ளைக்கு எத்தகைய ஆங்கிலம்?

(ஊர்காவற்றுறையில் ஆசிரியரும் உழவரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)





இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எமது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல் பற்றியது. ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்று வழக்காட நாம் இங்கு கூடவில்லை. அவ்வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. வயிற்றைக் கட்டியேனும் பிள்ளையை ஆங்கில வகுப்புக்கு அனுப்பும் குடும்பங்களையே இத்தீவுகளெங்கும் காண்கிறோம். அது தவறு என்று சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் அதற்கு அப்பால் ஒரு கேள்வி உண்டு. எத்தகைய ஆங்கிலம்? எந்த மண்ணிற் கால் ஊன்றி நின்று கற்கும் ஆங்கிலம்? அதனைக் கற்று முடித்த பின் எமது பிள்ளை யாராக நிற்கும்? இக்கேள்வியை நாம் கேளாது விட்டால், எமக்காகப் பிறர் விடை எழுதிவிடுவர்.

பெயர் சூட்டியவர் யார்?

நாம் கூடியிருக்கும் இவ்வூரிலிருந்தே தொடங்குவோம். இது ஊர்காவற்றுறை. ஆங்கிலத்தில் இதன் பெயர் கயிற்ஸ். கப்பற்றுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் தாய்நாட்டு நகரங்களின் பெயர்களை எடுத்து எமது தீவுகளுக்குச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஆர்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் ஆம்ஸ்ரர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட் என்றாயின.

அந்த ஆட்சி 1795ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் முடிந்தது. அப்பெயர்களுள் இன்றும் நன்கு வழங்குவது டெல்ஃப்ட் ஒன்றுதான். அதுவும் ஆங்கிலத்தில் எழுதும்போதுதான். நெடுந்தீவார் தம் ஊரை நெடுந்தீவு என்றே சொல்கின்றனர். உலகமயமாதல் என்று இக்காலத்தார் பேசுவதெல்லாம் ஏதோ நேற்று வந்த புதுமை அன்று. எமது துறைகளில் அது நானூறு ஆண்டுகளாக நங்கூரமிட்டு நிற்கின்றது.

ஆயினும் வந்தவரிடமிருந்து நாம் பெற்றுக்கொண்டதும் உண்டு. நாம் இருக்கும் கதிரை, எழுதும் மேசை, உண்ணும் பாண் ஆகியன போர்த்துக்கேயர் தந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. அவற்றை எமது நாவுக்கு இணங்க வளைத்து எமதாக்கிக் கொண்டோம். எமது சுருட்டும் கட்டுமரமும் ஆங்கில அகராதியில் ஏறி அமர்ந்துள்ளன. ஆகவே மொழியோடு மொழி உறவாடுதல் கேடன்று. எம் வீட்டுக்குள் வந்த சொல்லுக்கு நாம் இடம் கொடுப்பது ஒன்று. வந்தவர் எம் வீட்டுக்கே வேறு பெயர் சூட்டிவிடுவது வேறொன்று. ஆங்கிலக் கல்வியில் இவ்விரண்டுள் எது நிகழ்கின்றது என்பதே எமது கேள்வி.

ஏணியாக வந்த மொழி

யாழ்ப்பாணத்திற்கு ஆங்கிலக் கல்வி வந்த வரலாற்றை ஒருமுறை நோக்குதல் வேண்டும். அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டு இங்கு பணி தொடங்கினர். 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்கல்விச் சாலையை நிறுவினர். தங்கள் சமயத்தைப் பரப்புதலே அவர்தம் நோக்கம். எனினும் அங்கு ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. அதன் பயனாகவே அங்கு பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகவும், பின்னர் 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்துத் தந்த பெருந்தமிழராகவும் விளங்கினார். ஆங்கிலம் அவர் கையிலிருந்து ஏட்டுச்சுவடியைப் பறிக்கவில்லை. இரு மொழியும் ஒருங்கே ஊட்டப்பெற்ற ஒரு மனம் செய்யக்கூடிய வேலைக்கு அவர் சான்று.

அந்த உயர்கல்விச் சாலை 1855ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர்கள் மிஷன் பணியில் நில்லாது அரச உத்தியோகம் தேடிப் போய்விட்டனர் என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதே காலத்தில் மானிப்பாயிலிருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கடல் கடந்து வந்த ஒருவர் எமது மொழியைக் கற்று எமக்கு மருத்துவம் சொன்னார் என்பதை, தமிழில் அறிவியல் இயலாது என்போர் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் பொதுமக்கள் கண்ட ஆங்கிலம் வேறு. அது கந்தோருக்கு ஏறும் ஏணி. எமது மண் வறண்டது. கிணற்று நீரோ பல இடங்களில் உவர். புகையிலையும் பனையும் கடலும் தந்த வருவாய் எல்லோர்க்கும் போதவில்லை. ஆகவே ஒரு பிள்ளையையாவது ஆங்கிலம் படிப்பித்து, கொழும்புக்கோ மலாயாவுக்கோ இலிகிதராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் அனுப்பினர். அந்தப் பணம் ஊரில் வீடு கட்டிற்று, கோயில் கட்டிற்று. அதனை நாம் இகழவில்லை. ஆனால் ஏணியில் ஏறியவர் மேலே நின்று, ஏறாதவரைத் தாழ்வாக நோக்கும் நோயும் உடன் வந்தது. ஆங்கிலம் பேசுவோர் துரை. தமிழ் மட்டும் அறிந்தோர் நாட்டார் என்ற பிரிவு ஒரே வீட்டுக்குள் அண்ணனையும் தம்பியையும் பிரித்தது. பின்பு 1956ஆம் ஆண்டு தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஏணி சாய்ந்தது. ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு மட்டுமே கற்றவர்கள் அன்று வெறுங்கையோடு நின்றனர்.

அந்நியப் பாடமும் ஓரக் குறிப்பும்

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். யாழ்ப்பாணத்திற் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா அவர்கள். போர் கடுமையாக நடந்த 1990களின் தொடக்கத்தில், தம் மாணவர் ஆங்கிலத்தை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர் ஊன்றிக் கவனித்து ஆராய்ந்தார். அவ்வாய்வு 1999ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக வெளியீடாக நூலுருப்பெற்று, ஆங்கிலம் கற்பிப்போர் உலகெங்கும் படிக்கும் நூல்களுள் ஒன்றாயிற்று.

மாணவர் கையிலிருந்தது அமெரிக்கப் பாடநூல். விமானப் பயணம், பெருங்கடைகளிற் பொருள் வாங்குதல் முதலிய நகர் வாழ்க்கைக் காட்சிகள் அதில் நிறைந்திருந்தன. படிப்பவரோ மின்சாரமின்றி விளக்கொளியில் எழுதும் கிராமத்துப் பிள்ளைகள். அவர்கள் என்ன செய்தனர்? பாடநூலின் ஓரங்களில் எழுதினர், படங்களின்மேல் வரைந்தனர். அந்நிய மாந்தரின் வாயில் தமிழ் உரையாடலை ஏற்றினர். திரைப்படச் செய்தியும் நாட்டு நிலைமையும் அவ்வோரங்களில் இடம்பெற்றன. ஆசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லாத மறுப்பை ஓரக் குறிப்பில் எழுதிவைத்தனர். ஆனால் அதே மாணவர், பரீட்சைக்கு வேண்டிய இலக்கணத்தைக் கற்றுத் தாருங்கள் என்றும் கேட்டனர். மொழி வேண்டும், அதன் முதுகில் ஏறி வந்த வாழ்க்கை முறை வேண்டாம் என்ற இருமனத்தை அவர் அங்கு கண்டார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவரின் பாடநூல் ஓரங்களை நீங்களும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கிறுக்கல் என்று கண்டிக்குமுன் வாசித்துப் பாருங்கள். பாடத்தில் இடமில்லாத தீவகம் அங்கே இருக்கக்கூடும்.

வகுப்பில் தாய்மொழியை மறந்தும் பேசலாகாது என்னும் கட்டளை எங்கிருந்து வந்தது? 1961ஆம் ஆண்டு உகண்டா நாட்டின் மக்கெரேரேயில், ஆங்கிலம் கற்பித்தல் பற்றிப் பொதுநலவாய நாடுகளின் மாநாடொன்று நடைபெற்றது. அங்கு உருப்பெற்ற நம்பிக்கைகளைப் பிற்காலத்தில் றொபேட் பிலிப்சன் என்னும் அறிஞர் எடுத்து ஆராய்ந்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், ஆங்கிலேயரே சிறந்த ஆசிரியர், எவ்வளவு இளமையிற் தொடங்கினும் அவ்வளவு நன்று, பிறமொழி வழங்கினால் ஆங்கிலம் குன்றும் என்பன போன்ற அக்கொள்கைகள் ஆதாரமற்ற மயக்கங்கள் என்று 1992ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் அவர் வாதிட்டார். தமிழில் ஒரு விளக்கம் சொல்லிவிட்டு, குற்றம் செய்தவரைப் போல வாசலைப் பார்க்கும் ஆசிரியர் எமது பாடசாலைகளில் இல்லையா? அவர் குற்றம் செய்யவில்லை. தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் பாலம் கட்டுகிறார்.

கரம்பொன் தந்த சான்று

இவ்வளவும் சொன்ன பின், வேறு வழி உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். உண்டு. அதற்குச் சான்று தேடி அயல்நாடு போக வேண்டியதில்லை. இந்த ஊருக்கு அண்மையிலுள்ள கரம்பொன் போதும்.

1913ஆம் ஆண்டு கரம்பொனிற் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்றார். ஆங்கிலம் அவர் கைவந்த மொழி. உரோமையில் குருத்துவக் கல்வி கற்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் தேர்ந்தார். 1940ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணி ஏற்றபோதுதான், தமக்குத் தமிழறிவு போதாது என்பதை உணர்ந்தார். அதனை மறைத்து வைக்கவில்லை. குருவான பின்பும் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்து தமிழ் கற்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகவும் கற்றார்.

அதன்பின் அந்த ஆங்கிலத்தை அவர் என்ன செய்தார்? 1952ஆம் ஆண்டு ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கில முத்திங்கள் ஏட்டைத் தொடங்கி, தமிழர் இலக்கியத்தையும் பண்பாட்டையும் உலக அறிஞர் முன் வைத்தார். 1679ஆம் ஆண்டு அச்சான அந்தாவோ தெ புரோவென்சாவின் தமிழ் – போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனை 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மீண்டும் பதிப்பித்தார். 1964ஆம் ஆண்டு டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். அதன் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்றது; நான்காவது மாநாடு 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலேயே நடைபெற்றது.

தமிழின்றி ஆங்கிலம் மட்டும் கொண்டு நின்றிருந்தால் அடிகளார் உலகுக்குச் சொல்ல என்ன இருந்திருக்கும்? ஆங்கிலமின்றித் தமிழ் மட்டும் கொண்டு நின்றிருந்தால், பாரிசிலும் இலண்டனிலும் உள்ள அறிஞர் அவர் சொன்னதை எவ்வாறு கேட்டிருப்பர்? இரண்டும் வேண்டியிருந்தன. ஆனால் தமிழை அவர் வளர்ந்த பின் தேடிச்சென்று கற்க நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அத்துணை மனவலிமை எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்கும் என்று எதிர்பார்த்தல் கூடாது.

ஆச்சியின் முற்றத்தில்

ஆங்கிலம் வந்தால் உலகமெல்லாம் கைக்குள் வரும் என்று எண்ணுகிறோம். 1983ஆம் ஆண்டின் பின் எமது தீவுகளிலிருந்து சென்றவர் எங்கே போயினர்? இலண்டனுக்கும் கனடாவுக்கும் மட்டுமல்லர். சுவிற்சர்லாந்து, பிரான்சு, யேர்மனி, நோர்வே, டென்மார்க் நாடுகளுக்கும் போயினர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு யேர்மன் மொழியும் பிரெஞ்சும் நோர்வீஜிய மொழியுமே பள்ளிமொழி.

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு அவர்கள் பெற்றோருடன் வருகின்றனர். பாரிசிற் பிறந்த பேரனும் சூரிச்சிற் பிறந்த பேத்தியும் ஆச்சியின் முற்றத்திற் சந்திக்கும்போது எந்த மொழியிற் பேசுவது? பள்ளியிற் கற்ற அரைகுறை ஆங்கிலத்தில் இருவரும் பேசிக்கொள்வர். ஆச்சியோ இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முற்றத்தில் மூவர்க்கும் பொதுவாகக்கூடிய மொழி ஒன்றுதான் உண்டு. அது தமிழ். வெளிநாட்டிலுள்ளோர் தமிழ்ப் பாடசாலை வைத்துத் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் ஊட்டப் பாடுபடுகையில், ஊரிலுள்ள நாம் பிள்ளை தமிழை விட்டு ஆங்கிலத்திற் பேசினாற் போதும் என்று மகிழ்வது எவ்வளவு பொருந்தாச் செயல்!

காற்றும் வெயிலும் யாருடையவை?

உழவர் பெருமக்களே, இஃது ஆசிரியர் மட்டும் பேச வேண்டிய விடயம் என்று எண்ணிவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டு சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்தைச் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கக் கொழும்பு தீர்மானித்தது. இந்தியா மறுத்துரைத்தது. அத்திட்டம் நின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திய நன்கொடையில் அதனை நிறைவேற்ற உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது.

கொழும்பு பேசிற்று, பெய்ஜிங் பேசிற்று, டெல்லி பேசிற்று. எமது சோளகக் காற்றையும் எமது வெயிலையும் பற்றிய பேச்சில், தீவகத்தார் எவ்வளவு பேசினோம்? இத்தகைய திட்டங்களின் தொழில்நுட்ப அறிக்கைகளும் ஒப்பந்தங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றை வாசித்து, எந்தக் காணி, எந்தக் கரை, எந்த நிபந்தனை என்று கேட்கும் ஆற்றல் எமக்கு வேண்டும். இந்த ஆங்கிலம் கந்தோர் ஆங்கிலம் அன்று. தன் காணியைக் காக்கும் குடிமகனின் ஆங்கிலம்.

ஆனால் இன்னொன்றையும் உரக்கச் சொல்ல வேண்டும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாகவும் ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகவும் ஆக்கியது. எமது மண்ணைப் பற்றிய எந்தப் பத்திரமும் தமிழிற் கிடைத்தல் எமது உரிமை. உங்களுக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே என்று சொல்லி அவ்வுரிமையைத் தட்டிக்கழிக்க எவர்க்கும் இடமளித்தலாகாது. ஆங்கிலம் எமது கருவி. தமிழ் எமது உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பண்டமாற்றுக்கு நாம் உடன்பட மாட்டோம்.

செய்யத்தக்கன

2009ஆம் ஆண்டை அரசாங்கம் ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்தது. அறிவித்தல் எளிது. குறிகட்டுவான் துறையிற் படகுக்குக் காத்துநிற்கும் ஆசிரியரை நெடுந்தீவில் தங்கச் செய்தல் அரிது. கடல் கொந்தளித்தாற் படகு இல்லை. படகு இல்லையேற் பாடமும் இல்லை. ஆகவே தீவுகளிற் கற்பிக்கும் ஆங்கில ஆசிரியர்க்கு நல்ல விடுதியும் ஒழுங்கான படகுப் போக்குவரத்தும் வேண்டும் என்பதே எமது முதற் கோரிக்கை. இந்தத் தீவுகளிலேயே பிறந்து வளர்ந்த இளைஞரை ஆசிரியராக்கி இங்கேயே நியமித்தல் அதனினும் நன்று.

இரண்டாவது, பாடம் எமது முற்றத்திலிருந்து தொடங்கட்டும். பனி பொழியும் மாரிகாலத்தைப் பற்றிய ஆங்கிலப் பாடத்தைப் பிள்ளை படிக்கட்டும், தடையில்லை. ஆனால் அதற்குமுன் வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்ற நான்கு காற்றையும் ஆங்கிலத்தில் விளக்கக் கற்கட்டும். நெடுந்தீவின் முருகைக்கல் வேலியையும் கட்டைக் குதிரையையும், பனங்கிழங்கு ஒடியலாகும் முறையையும், அம்மன் கோயில் தேரையும் பற்றிப் பத்து வசனம் எழுதட்டும். வேலி கட்டும் முறையை அப்புவிடம் தமிழிற் கேட்டு வந்து ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை, ஒரே பாடத்தில் இரு மொழியையும் கற்கின்றது. அப்புவின் அறிவுக்கும் மதிப்பளிக்கின்றது.

மூன்றாவது, சிறு வகுப்புகளில் தமிழ் எழுத்தும் வாசிப்பும் உறுதிப்படட்டும். தன் மொழியில் ஒரு பக்கத்தைப் பொருளுணர்ந்து வாசிக்க இயலாத பிள்ளையிடம் இன்னொரு மொழியை ஏற்றுதல், அத்திவாரம் இல்லாத நிலத்தில் மேல்மாடி கட்டுவதற்கு ஒப்பாகும்.

நான்காவது, உச்சரிப்பைப் பற்றிய அச்சம் ஒழியட்டும். ஆங்கிலேயரைப் போலப் பேச வேண்டும் என்பதில்லை. கேட்பவர்க்குத் தெளிவாக விளங்கப் பேசினாற் போதும். எமது நாவின் தடம் அதில் இருப்பது இழுக்கன்று.

ஐந்தாவது, பெரியோர்க்கும் வகுப்பு வேண்டும். உத்தியோகத்தரும் இளைப்பாறிய ஆசிரியரும் வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கினால், உழவரும் மீனவரும் இயந்திரக் கையேட்டையும் வங்கிக் கடிதத்தையும் ஒப்பந்தப் பத்திரத்தையும் வாசிக்கக் கற்பர். கற்றோர் ஊருக்குத் திருப்பிச் செலுத்த வேண்டிய கடன்களுள் இதுவும் ஒன்று.

பெரியோர்களே, 1990களின் தொடக்கத்திற் போரினால் எமது மக்களிற் பெரும்பகுதியினர் இத்தீவுகளை விட்டுப் பெயர்ந்தனர். பலர் மீளவில்லை. பூட்டிய வீடுகளையும் பற்றை மூடிய தோட்டங்களையும் நாள்தோறும் காண்கிறோம். பிள்ளையை ஊரைவிட்டு அனுப்புவதற்கு மட்டுமே ஆங்கிலம் என்று நாம் கற்பித்தால், எஞ்சிய வீடுகளும் பூட்டப்படும். ஊரில் நின்று உலகோடு பேசுவதற்கும் ஆங்கிலம் என்று கற்பித்தால், போகும் பிள்ளையும் திரும்பி வர ஒரு காரணம் இருக்கும்.

அடுத்த மாதம் பாடசாலையிற் பெற்றார் கூட்டம் நடக்கும்போது, பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தது என்று மட்டும் கேளாதீர்கள். எமது ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் என்ன எழுதிற்று என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே வேலை தொடங்கும்.